தடைக்காலத்தில் படகு வேலையை எதிலிருந்து தொடங்குகிறீர்கள்? மரப்படகுக்கு ஃபைபர் போர்த்தலாமா?

மல்லிப்பட்டினம் கரை

வணக்கம். ஏப்ரல் 14 நள்ளிரவோடு மீன்பிடித் தடை தொடங்கி, எல்லாரும் மடியை (இழுவலையை) சுருட்டியாச்சு. இனி ஜூன் 14 வரை 61 நாள் கரைதான்.

என்னுடையது மரப்படகு, அப்பா காலத்தில் கட்டியது. 2018 நவம்பர் கஜா புயலில் எங்கள் துறைமுகத்தில் படகுகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறி நொறுங்கியது பலருக்கு நினைவிருக்கும். இதுவும் அதில் அடிபட்டு, இடது பக்கப் பலகைகளில் பாதி மாற்றி மறுபடி கடலுக்குப் போனது. இந்த வருஷம் அடியில் தண்ணீர் ஏறுவது கூடிவிட்டது, ஒரு பாட்டுக்குள் (கடலுக்குப் போய்த் திரும்புவதற்குள்) பலமுறை பம்பு போட வேண்டியிருக்கிறது. கரையில் பாதிப் பேர் "மொத்தமா ஃபைபர் போர்த்திவிடு, பத்து வருஷத்துக்குக் கவலை இல்லை" என்கிறார்கள். அப்பா கலப்பத்து பார்த்தால் (பலகை இடுக்கில் பஞ்சுத் திரி அடித்து அடைத்தால்) போதும், மரத்தை மூடாதே என்கிறார். இரண்டுக்கும் செலவு வித்தியாசம் பெரிது, ஒருமுறை போர்த்திவிட்டால் திரும்ப எடுக்கவும் முடியாது.

இந்த இரண்டு மாதத்தில் வேலையை எந்த வரிசையில் செய்கிறீர்கள்? எதை முதலில் பார்க்கிறீர்கள்? வேலை இல்லாத நேரத்தில் என்ன செய்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள், அதுவும் தெரிந்துகொள்ள ஆசை.

---

அக்கரைப்பேட்டை விசை

தம்பி, கலப்பத்தா ஃபைபரா என்ற கேள்விக்குப் பிறகு வருவோம். முதலில் தண்ணீர் எங்கே ஏறுகிறது என்று பார்த்தாயா? பலகை இடுக்கில் வருகிறதா, ஷாப்ட் வெளியே போகும் குழாய் வழியாக வருகிறதா, சுக்கான் தண்டுப் பக்கமா, கடல்தண்ணீர் இழுக்கும் வால்வு பக்கமா? இது தெரியாமல் லட்சக்கணக்கில் போட்டு உடம்பு முழுக்கப் போர்த்திவிட்டு, இறக்கிய மறுநாளே அதே அளவு தண்ணீர் ஏறிய படகுகளைப் பார்த்திருக்கிறேன். அந்தப் படகுகளில் கோளாறு ஷாப்ட்டைச் சுற்றித் தண்ணீரை அடைக்கும் கிளாண்டு பேக்கிங்கில்தான் இருந்தது.

கரையேற்றுவதற்கு முன்னால், படகு தண்ணீரில் நிற்கும்போதே அடித்தளத்தை நன்றாகத் துடைத்துக் காயவிட்டு டார்ச் அடித்துப் பார். ஈரம் எந்த இடத்தில் முதலில் தெரிகிறதோ அங்கே சுண்ணாம்புக் கட்டியால் குறி போடு. கரையேற்றிவிட்டால் இதைப் பார்க்க வழியே இல்லை.

கரையேற்றிய பிறகு பாசி, சிப்பி எல்லாம் சுரண்டிவிட்டு ஒரு சின்னச் சுத்தியலால் பலகை பலகையாகத் தட்டிக்கொண்டே வா. நல்ல மரம் கணீரென்று கேட்கும், உளுத்தது மொத்தென்று கேட்கும். சந்தேகம் வந்த இடத்தில் திருப்புளி நுனியை அழுத்திப் பார். ஆணியைச் சுற்றிப் பார், துரு ஏறிய இரும்பு ஆணி பக்கத்து மரத்தையும் தின்றிருக்கும். அப்புறம் வங்குகளை (பலகையை உள்ளிருந்து தாங்கும் விலா மரங்களை) பார், குறிப்பாக ஐஸ் அறைக்குக் கீழே இருப்பவை. நம்ம ஆட்கள் கடல்தண்ணீர்தான் மரத்தைக் கெடுக்கிறது என்று நினைக்கிறார்கள். மரத்தை உளுக்க வைப்பது பெரும்பாலும் நல்ல தண்ணீர்தான். ஐஸ் உருகி வடியும் தண்ணீரும், மேல்தளத்தில் விழுந்து இடுக்கில் தேங்கும் மழைத்தண்ணீரும் போகும் பாதையில்தான் முதலில் மரம் போகும். அந்த இடம் போயிருந்தால் வெளியே என்ன போர்த்தினாலும் பயனில்லை.

---

கடலூர் ஃபைபர் வேலை

நான் இந்தத் தொழிலில் இருப்பவன். எனக்கு வேலை வரும் என்பதற்காகச் சொல்ல மாட்டேன், உள்ளதைச் சொல்கிறேன்.

புதுப் படகில், காய்ந்த மரத்தில், முதலிலேயே போர்த்தினால் நல்ல பலன் உண்டு. மரத்தைத் துளைக்கும் கப்பல் புழு உள்ளே ஏற முடியாது, சுரண்டுவதும் சுலபம். ஆனால் பல வருஷம் கடலில் ஊறிய பழைய மரத்தில் பாலியெஸ்டர் ரெசின் பிடிப்பது கடினம். மேலே காய்ந்த மாதிரி இருக்கும், ஒரு அங்குலம் உள்ளே ஈரம் இருக்கும். போர்த்தி மூடியதும் அந்த ஈரம் வெளியே போக வழியில்லாமல் மரத்துக்கும் ஃபைபருக்கும் நடுவில் நிற்கும். ஓரிரு வருஷத்தில் தட்டினால் டப் டப் என்று கேட்க ஆரம்பிக்கும். வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே மரம் போய்க்கொண்டே இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. இன்னொன்று, பலகைப் படகு அலையில் கொஞ்சம் அசைந்து கொடுக்கும். ஃபைபர் அந்த அசைவைத் தாங்காமல் பலகை இடுக்குக்கு நேராக மயிரிழையாக விரிசல் விடும். அந்த விரிசல் போதும் புழு ஏற.

இலுப்பை, தேக்கு மாதிரி எண்ணெய்ப் பசை உள்ள மரத்தில் பிடிப்பு இன்னும் குறைவு. எப்பாக்சி ரெசின் நன்றாகப் பிடிக்கும், ஆனால் விலை கேட்டால் பின்வாங்குவீர்கள்.

சொந்தமாகச் செய்ய நினைப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ரெசினைக் கெட்டியாக்கப் போடும் கேட்டலிஸ்டையும் கோபால்ட்டையும் ஒருபோதும் நேரடியாகக் கலக்காதீர்கள், வெடிக்கும். முதலில் ரெசினில் கோபால்ட்டைப் போட்டு நன்றாகக் கலக்கி, அதற்குப் பிறகுதான் கேட்டலிஸ்ட். இரண்டு கேனையும் ஒரே பெட்டியில் வைக்கவும் கூடாது. வெயில் நேரத்தில் கலவை கைக்குள்ளேயே கெட்டியாகிவிடும், அதனால் காலை அல்லது சாயங்காலம்தான் வேலை. தேய்க்கும்போது முகக் கவசம் கட்டாயம். நம்ம பிள்ளைகள் வெறும் துண்டைக் கட்டிக்கொண்டு கிரைண்டர் பிடிப்பதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது, அந்தத் தூள் நுரையீரலுக்குள் போனால் திரும்பாது.

---

மல்லிப்பட்டினம் கரை

இவ்வளவு விவரமாகச் சொன்னதற்கு இரண்டு பேருக்கும் நன்றி. அப்படியானால் மரம் நன்றாகக் காயும்வரை கரையில் போட்டு வைத்து, மே கடைசியில் போர்த்தினால் சரியாக வருமா? வெயில்தான் கொளுத்துகிறதே.

---

அக்கரைப்பேட்டை விசை

இங்கேதான் சிக்கல் தம்பி. ஃபைபருக்கு மரம் காய வேண்டும். கலப்பத்து பார்த்த மரப்படகு அப்படிக் காயக் கூடாது. சித்திரை வெயிலில், அதிலும் கத்திரியில், படகை அப்படியே நிறுத்தினால் பலகை சுருங்கி இடுக்கு எல்லாம் வாய் பிளக்கும். படகுக்கு முதுகெலும்பான அடி ஏரா மரத்திலேயே வெடிப்பு விழும். பழைய படகு அதைத் தாங்காது. அதனால் எந்த வழி என்று முடிவு செய்யாமல் நடுவில் நின்றால் இரண்டும் கெடும்.

கலப்பத்து என்றால் படகுக்கு மேலே தென்னங்கீற்றுப் பந்தல் போடு. பக்கவாட்டில் சாக்கு தொங்கவிட்டு காலையும் மாலையும் கடல்தண்ணீர் ஊற்று. நல்ல தண்ணீர் வேண்டாம். பழைய பஞ்சை உளியால் முழுக்க எடுத்துவிட்டுத்தான் புதுத் திரி வைக்க வேண்டும், பழசுக்கு மேலேயே புதுசை அடித்தால் ஒரு பருவம்கூட நிற்காது. திரியை அடித்து இறக்கக் கொட்டாப்புளி (மரச் சுத்தியல்) பிடிக்கும் ஆசாரிகள் இப்போது குறைந்துவிட்டார்கள். ரொம்ப இறுக்கி அடித்தால் மரம் ஊறி விரியும்போது பலகையே ஆணியை விட்டு நெம்பும், தளர்வாக அடித்தால் திரி வெளியே வரும். அந்த அளவு அவர்கள் கைக்குத்தான் தெரியும். எங்கள் பக்கம் இந்த வேலை தெரிந்த பெரியவர்களை மார்ச்சிலேயே சொல்லி வைத்துவிடுவோம்.

உன் அப்பா சொல்வது சரி என்பதுதான் என் கருத்து. பழைய படகை மூடாதே. போன பலகையை மாற்று, கலப்பத்து பார், அடிப்பெயின்ட் அடி.

---

முத்துநகர் அண்ணாச்சி

தூத்துக்குடியிலிருந்து. எல்லாரும் உடம்பைப் பற்றியே பேசுகிறீர்கள், இன்ஜினைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிவிடுகிறீர்கள். வருஷா வருஷம் இதே கதைதான். ஜூன் முதல் வாரத்தில் லேத் பட்டறையில் நிற்க இடமிருக்காது. பம்பு சர்வீஸ் செய்பவரிடம் நாசில் கொடுத்தால் பத்து நாள் கழித்து வா என்பார். அப்புறம் அரைகுறையாக மாட்டிக்கொண்டு கடலுக்குப் போய் நடுக்கடலில் நிற்பது.

படகு கரையேறிய முதல் வாரத்திலேயே கழற்ற வேண்டியதைக் கழற்றிக் கொடுத்துவிடுங்கள். நாசில், டீசல் பம்பு, டர்போ, ஸ்டார்ட்டர், டைனமோ. கடல்தண்ணீரில் குளிரும் கூலரைத் திறந்து உப்புக் கட்டியை எடுக்க வேண்டும், இன்ஜின் சூடாகிறது என்று வருபவர்களில் பெரும்பாலோருக்கு இதுவும் கடல்தண்ணீர் பம்பின் இம்பெல்லரும்தான் காரணம். பழைய ஆயிலை வடித்துப் புது ஆயில் ஊற்றி வையுங்கள், கரி ஏறிய ஆயிலோடு இரண்டு மாதம் நிறுத்தினால் பேரிங்கைத் தின்னும். இன்ஜின் கழற்றாமல் நிற்கும் படகில் சில நாளுக்கு ஒருமுறை ஃப்ளைவீலைக் கையால் சுற்றிவிட வேண்டும். பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய் சார்ஜில் போடுங்கள்.

ஷாப்ட்டைப் பின்பக்கம் கையால் தூக்கிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் ரப்பர் பேரிங் போய்விட்டது என்று அர்த்தம். பிராப்பளர் இறக்கை ஒன்றில் சின்ன வளைவு இருந்தாலும் பாலன்ஸ் பார்க்கக் கொடுங்கள், அந்த அதிர்வுதான் கிளாண்டை, கியர்பாக்ஸை, கடைசியில் பலகை இடுக்கையும் பிரித்துவிடும். மல்லிப்பட்டினம் தம்பி, உங்கள் படகில் பின்பக்கப் பலகைகளில்தான் ஈரம் என்றால் முதலில் இதைப் பாருங்கள்.

---

காசிமேடு ஸ்டீல்

எங்களிடம் இப்போது ஸ்டீல் படகு அதிகம். வெல்டிங் வைத்துவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள், அப்படி இல்லை. ஸ்டீலில், தகட்டுக்குப் பதில் தான் கரைந்து துருவைத் தடுக்கும் ஜிங்க் கட்டிதான் உயிர். பாதிக்கு மேல் கரைந்திருந்தால் மாற்றிவிட வேண்டும், அதன் மேல் பெயின்ட் அடிக்கவே கூடாது. பெயின்ட் அடித்த ஜிங்க் வேலை செய்யாது. பாசி பிடிக்காத பெயின்டில் செம்பு இருக்கும், அதை ஸ்டீலில் நேரடியாக அடித்தால் தகட்டைத் தின்றுவிடும். நடுவில் ப்ரைமர் முழுசாக, கீறல் இல்லாமல் இருக்க வேண்டும்.

டீசல் டேங்க் பக்கம் வெல்டிங் வைக்கும் முன் டேங்கைக் காலி செய்தால் போதாது. காலி டேங்கில் இருக்கும் ஆவிதான் பிடிக்கும். கழுவி, காற்றோட்டம் விட்டு, பக்கத்தில் தண்ணீரும் மணலும் வைத்துக்கொண்டுதான் செய்ய வேண்டும். பக்கத்துப் படகில் ஃபைபர் வேலை நடந்தால் அன்றைக்கு வெல்டிங்கே வேண்டாம்.

அப்புறம் மீன்வளத் துறை ஆய்வு. பதிவுச் சான்று, காப்பீடு, உயிர்காக்கும் கவசம், வி.எச்.எஃப். ரேடியோ, படகு இருக்கும் இடத்தைக் காட்டும் இஸ்ரோ டிரான்ஸ்பாண்டர் எல்லாம் எடுத்து வையுங்கள். இன்ஜின் 240 குதிரைத்திறனுக்கு மேல் இருக்கக் கூடாது, மடியின் கடைசிப் பையில் கண் அளவு 40 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. பதிவு எண் இரண்டு பக்கமும் தெளிவாகத் தெரிய வேண்டும். ஆய்வுக்குக் காட்டாத படகுக்கு வரி விலக்கு டீசல் நின்றுவிடும். பெயின்ட் வேலையை ஆய்வுத் தேதிக்கு முன்னால் முடிப்பது நல்லது.

---

ஜெகதாப்பட்டினம் நெய்தல்

நானும் பேசலாமா? எங்கள் வீட்டில் படகு கணக்கு என் கையில்தான் இருக்கிறது.

தடைக்கால நிவாரணம் குடும்பத்துக்கு 8000 ரூபாய். 2023இல் மண்டபத்தில் நடந்த மாநாட்டில் 5000இலிருந்து உயர்த்தி அறிவித்தார்கள். அது வீட்டுச் செலவுக்கே போதாது, படகு வேலைக்கு எங்கே. ஆகவே எல்லாரும் கடன்தான். என் வேண்டுகோள் ஒன்றே ஒன்று. வேலையைத் தொடங்கும் முன் ஒரு நோட்டில் எழுதுங்கள், எது இந்த வருஷம் செய்யாவிட்டால் ஆளுக்கு ஆபத்து, எது மீனுக்கு நஷ்டம், எது வெறும் அழகு. அழகை அடுத்த வருஷத்துக்குத் தள்ளலாம். ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும், பீஸ் கட்ட வேண்டும், அதே வாரத்தில் முதல் பாட்டுக்கு டீசலும் ஐஸும் போட வேண்டும், ஆட்களுக்கு முன்பணம் கொடுக்க வேண்டும். அந்தப் பணத்தைத் தனியாக எடுத்து வைக்காமல் முழுவதையும் பலகையிலும் பெயின்டிலும் போட்டுவிட்டு, படகு பளபளவென்று நிற்க, கடலுக்குப் போகக் காசில்லாமல் வியாபாரியிடம் கையேந்தும் வீடுகள் எங்கள் தெருவிலேயே இருக்கின்றன. அப்படி வாங்கிவிட்டால் மீனை அவர் சொல்லும் விலைக்குத்தான் கொடுக்க வேண்டும், அந்தக் கட்டு பல வருஷத்துக்கு அவிழாது.

பொழுதுபோக்கு கேட்டிருந்தீர்கள். ஆண்களுக்கு இரண்டு மாதம் ஓய்வு, எங்களுக்கு இரண்டு மாதம் கூடுதல் சமையல். ஆனாலும் இந்த நாட்களில்தான் பிள்ளைகள் அப்பாவை முழுசாகப் பார்க்கிறார்கள், அதற்காகவே எனக்குப் பிடிக்கும். எங்கள் வீட்டுக்காரர் மகளுக்கு வலை ஊசி பிடிக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். சாயங்காலம் திண்ணையில் இருவரும் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பொத்துவார்கள். பெண்பிள்ளைக்கு எதற்கு என்று சிலர் கேட்டார்கள், அவள் பொத்திய கண் அவர்களுடையதைவிட ஒழுங்காக இருக்கிறது.

---

பாம்பன் வத்தை

அக்கா சொன்னது நூற்றுக்கு நூறு. நான் நாட்டுப்படகு வைத்திருப்பவன், எங்களுக்குத் தடை இல்லை. உங்கள் ஆட்கள் பலர் இந்த இரண்டு மாதமும் எங்களோடுதான் வருகிறார்கள். இன்னும் சிலர் கேரளாவுக்குக் கட்டட வேலைக்குப் போய்விடுகிறார்கள், அவர்களில் கொஞ்சப் பேர் திரும்புவதே இல்லை. நல்ல சுக்கானியும் நல்ல ஆட்களும் வேண்டும் என்றால் கரை வேலையிலேயே அவர்களுக்குக் கூலி கொடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சுரண்டுவது, பெயின்ட் அடிப்பது, ரோப் மாற்றுவது இதெல்லாம் அவர்களே செய்வார்கள். தன் கையால் பலகையைத் தேய்த்தவன் கடலில் அந்தப் படகைப் பார்த்துக்கொள்ளும் விதமே வேறு.

எங்கள் பக்கம் சோழகம் (தென்காற்று) எழும்பிவிட்டால் எங்களுக்கும் பல நாள் கரைதான். அப்போது கேரம், கைப்பந்து, பழைய ஆட்களுக்குத் தாயம். எங்கள் மாமா ஒருவர் மிஞ்சிய பலகைத் துண்டில் சின்னச் சின்ன வத்தை (எங்கள் பக்கத்து நாட்டுப்படகு) செய்வார். வெறும் பொம்மை இல்லை, வங்கு எண்ணிக்கை முதல் பாய் வெட்டு வரை அளவு பிசகாமல் இருக்கும். பாய் ஓட்டிய காலத்துப் படகு எப்படி இருந்தது என்று பிள்ளைகள் கேட்டால் அதைக் கையில் எடுத்துக் காட்டித்தான் சொல்கிறோம். இப்படிச் செய்யத் தெரிந்த பெரியவர் யார் ஊரிலாவது இருந்தால் இந்தத் தடைக்காலத்திலேயே பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள் என்பேன்.

---

தூத்தூர் ஆழ்கடல்

குமரி மேற்குக் கரையிலிருந்து. எங்களுக்குத் தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. எங்கள் படகுகளில் நிறைய கொச்சியைத் தங்கலாக வைத்துத்தான் சூரைக்கும் சுறாவுக்கும் போகின்றன, அங்கே ஜூன் 9 நள்ளிரவில் தொடங்கி 52 நாள். நீங்கள் வெயிலைப் பற்றிக் கவலைப்படுகிறீர்கள், எங்களுக்கு முழுத் தடையும் மழைக்குள். மரம் காய்வது எங்கே, பெயின்ட் காய்வதே பாடு. தார்ப்பாய் கட்டி அதற்குள் பல்பு போட்டு வேலை செய்கிறோம். கடலூர் அண்ணன் சொன்ன ஈரப் பிரச்சினையால் பழைய மரத்தில் போர்த்திய படகுகள் எங்கள் பக்கம் நிறையப் போயின. இங்கே மாதக்கணக்கில் கடலில் கிடப்பவர்கள், நடுக்கடலில் தண்ணீர் ஏறினால் கரை கைக்கெட்டும் தூரத்தில் இல்லை. அதனால் உடம்பு விஷயத்தில் சமரசமே கூடாது தம்பி. சந்தேகமான ஒரு பலகையை மாற்றத் தயங்காதே.

பொழுதுபோக்கு என்றால் எங்கள் ஊர்களில் ஒரே பதில்தான். கால்பந்து! வருஷத்தில் மற்ற நாளெல்லாம் ஆள் சேர்க்க முடியாது, பாதிப் பேர் கடலில் இருப்பார்கள். தடை வந்தால்தான் முழு டீம். மழையில், சேற்றில், ஊருக்கு ஊர் போட்டி, நாற்பது வயதுக்காரர்களும் இறங்குவார்கள். கல்யாணங்களையும் இதற்குள்தான் வைப்போம், மாப்பிள்ளை கரையில் இருப்பான் என்பது உறுதி அல்லவா.

---

மல்லிப்பட்டினம் கரை

எல்லாருக்கும் நன்றி. அக்கரைப்பேட்டை அண்ணன் சொன்ன மாதிரி படகு தண்ணீரில் இருக்கும்போதே டார்ச் அடித்துப் பார்த்தோம். பெரும்பகுதி ஷாப்ட் குழாயைச் சுற்றித்தான். இடது பக்கத்தில் புதுப் பலகையும் பழைய பலகையும் சேரும் இடத்தில் கொஞ்சம். நேற்று கிரேன் வைத்துக் கரையேற்றினோம். அண்ணாச்சி சொன்னபடி ஷாப்ட்டைத் தூக்கினால் நன்றாக ஆடுகிறது. ஐஸ் அறைக்குக் கீழே இரண்டு வங்கும் மெத்தென்று இருக்கின்றன, அவை மாற வேண்டும்.

ஃபைபர் வேண்டாம் என்று முடிவு. அப்பாவுக்கு இந்தப் பதிவுகளை வாசித்துக் காட்டினேன், பந்தல் போடக் கீற்று சொல்லிவிட்டார். வங்குக்குக் கருவேலம் தேடுகிறோம், வளைவு சரியாக அமைந்த மரம் கிடைப்பதுதான் கஷ்டம். ஜெகதை அக்கா சொன்ன நோட்டை வீட்டில் எழுதத் தொடங்கியாச்சு.

இறக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும் என்றும் யாராவது சொல்லுங்கள்.

---

அக்கரைப்பேட்டை விசை

நல்ல முடிவு தம்பி. இறக்குவதைக் கடைசி நாளுக்கு வைக்காதே. தடை முடிவதற்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னாலேயே தண்ணீரில் இறக்கிவிடு. இறக்கிய அன்று எல்லா இடுக்கிலும் கசியும், பயப்படாதே, மரம் ஊறி விரிய இரண்டு மூன்று நாள் எடுக்கும். அதுவரை இரண்டு பம்பு தயாராக இருக்கட்டும், ராத்திரி ஒரு ஆள் படகிலேயே படுக்கட்டும். அதற்குப் பிறகும் கசிந்தால் மட்டும் மறுபடி பார்.

இன்ஜினையும் ஷாப்ட்டையும் நேர்கோட்டில் வைப்பதைக் கரையில் முடித்துவிட்டோம் என்று விட்டுவிடாதே. தண்ணீரில் மிதக்கும்போது மரப்படகின் உடம்பு கொஞ்சம் மாறி உட்காரும். மரம் ஊறிய பிறகு கப்ளிங் போல்ட்டைக் கழற்றி, சுற்றிலும் இடைவெளி ஒரே மாதிரி இருக்கிறதா என்று ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பார்த்து, மறுபடி முறுக்கு. இல்லாவிட்டால் புதுப் பேரிங்கும் ஒரே பருவத்தில் போய்விடும். கிளாண்டை ஒரேயடியாக இறுக்காதே, ஓடும்போது தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழ வேண்டும், அந்தச் சொட்டு நின்றுபோனால்தான் ஆபத்து. கையை வைத்துப் பார், சூடு தெரிந்தால் அரைச்சுற்று தளர்த்து.

கருவேலம் பற்றிக் கேட்டிருந்தாய். எங்கள் பக்கத்து மர வாடியில் வளைவுக் கட்டை இரண்டு மூன்று கிடக்கிறது. வங்கின் அச்சை அட்டையில் வெட்டி எடுத்துக்கொண்டு வா, வைத்துப் பார்த்து எடுத்துக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை வாடி பூட்டியிருக்கும்.